அறைத்தோழியின் காதலில் அச்சம் புகுந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வவுனியாவில் விடுதியில் தங்கிப் படிக்கும் நீங்கள், உங்கள் அறைத்தோழி ஒரு வருடமாகக் காதலித்துவரும் இளைஞனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் வட்ஸ்அப்பில் அவளுடைய நேரடி இருப்பிடத்தை எந்நேரமும் கேட்கிறான். அந்த வசதி ஒரு தடவையில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்காதபடியால், அவள் நடுச்சாமத்தில் மணியடிக்க வைத்து எழுந்து அதைப் புதுப்பிக்கிறாள். அவளுடைய முகநூல் கடவுச்சொல் அவனிடம் இருக்கிறது. ஆண்பிள்ளைகள் இருக்கும் குழு வேலைகளுக்கு அவள் போவதை நிறுத்திவிட்டாள். சென்ற மாதம் மேற்கையில் நீலம் பாரித்திருந்தது. பஸ்ஸில் இடிபட்டது என்றாள். நீங்கள் விசாரித்தபோது, "அவருக்கு என்னில அவ்வளவு பாசம்" என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டாள். இது அன்பா, வன்முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரிகளைப் படிக்கும்போது, நீங்கள் அறிய விரும்புவது இன்னொன்று என்று படுகிறது: எந்தக் கட்டத்தில் எனக்கு இதைப் பற்றிக் கதைக்க உரிமை வருகிறது, கதைத்தால் அவளை இழந்துவிடுவேனா? இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

நான் உளவளத்துணையில் பயிற்சி பெற்றவள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இளவயதினருடன் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆகையால் சட்டம் பற்றிப் பின்னர் சொல்வதை ஒரு வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோழியையோ அந்த இளைஞனையோ நான் கண்டதில்லை. காணாத ஒருவனை, இன்னொருவர் சொன்னதை மட்டும் வைத்து வன்முறையாளன் என்று தீர்மானிப்பது என் தொழிலுக்குப் பொருந்தாது. நீங்கள் கண்டவற்றில் எவை உறுதியான அபாயக் குறிகள், எவை இரண்டு விதமாகவும் பொருள்படக்கூடியவை என்று பிரித்துக் காட்டுவதே என்னால் ஆகும்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் சங்கதி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடளாவிய அளவீடு ஒன்றை நடத்தியது. அதில், எப்போதாவது துணை இருந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகளவில் துணை இருந்த 15 முதல் 19 வயது வரையான பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்த வயதுக்குள்ளேயே அதைச் சந்தித்துவிடுகிறார். கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளை குட்டி, கடன், குடி என்று வந்த பிறகுதான் அடி உதை தொடங்கும் என்று எங்கள் ஊர்களில் நம்புகிறார்கள். பலருக்கு அது பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் முன்பே தொடங்கியிருக்கிறது. இந்த எண்கள் உடலில் நடந்ததை மட்டுமே சொல்கின்றன. கண்காணிப்பும் மிரட்டலும் இவற்றுக்குள் அடங்கவில்லை.

அன்றாடச் செயல்களில் தனியான எதுவும் தன்னளவில் விடை சொல்வதில்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதும், "இப்ப எங்க நிக்கிறீர்?" என்று கேட்பதும், பொறாமைப்படுவதும், சண்டை பிடித்து இரண்டு நாள் கதைக்காமல் இருப்பதும் நல்ல உறவுகளிலும் உண்டு. இருபது வயதில் முதன்முதலாகக் காதலிக்கும் பிள்ளைகளுக்கு நிதானம் இன்னும் பழகியிருக்காது. ஆகையால் நான் ஒரு செயலைக் காட்டிலும், அதற்கு அவள் மறுப்புச் சொன்னால் பிறகு என்ன நடக்கிறது என்பதையே பார்ப்பேன். உங்கள் தோழி ஓர் இரவு இருப்பிடத்தை அனுப்பாமல் நித்திரையாகிவிட்டாள் என்று வையுங்கள். அவன் சற்றுக் கோபித்துவிட்டு, "சரி, களைச்சுப்போய்ப் படுத்திட்டீர் போல" என்று விட்டுவிடுவானானால் அது ஒரு விதம். விடிய எழுந்ததும் வரிசையாகத் தவறிய அழைப்புகளைக் கண்டு அவள் கை நடுங்குமானால், மன்னிப்புக் கேட்டு, அறையைப் படம்பிடித்து அனுப்பி, பக்கத்துக் கட்டிலில் இருப்பது நீங்கள்தான் என்று உங்கள் குரலைக் கேட்கவைத்து நிரூபிக்க வேண்டியிருக்குமானால் அது முற்றிலும் வேறு விதம். முதலாவதில் அவளால் மறுக்க முடிகிறது. இரண்டாவதில் மறுத்ததற்கு ஒரு தண்டனை காத்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் மணியடிக்க வைத்து எழும்பும் அளவுக்கு ஒரு பிள்ளை போயிருந்தால், அந்தத் தண்டனை என்னவென்று அவள் ஏற்கெனவே அறிந்திருக்கிறாள் என்றுதான் நான் எண்ணுவேன். இது என் ஊகம். ஆனால் நீண்ட அனுபவத்தில் நின்று செய்யும் ஊகம்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, ஒரு வருடத்துக்கு முன்பு அவளுக்கு இருந்த உலகத்தில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. குழு வேலைக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எதனால் முக்கியம் என்றால், இந்தச் சுருக்கம் பெரும்பாலும் படிப்பின் வழியாகவே வருகிறது. முதலில் ஆண்பிள்ளைகள் உள்ள குழு, பிறகு மாலை வகுப்பு, பிறகு களப்பயணம், பிறகு கொழும்பில் கிடைத்த தொழிற்பயிற்சி என்று ஒவ்வொன்றாகக் கைவிடப்படும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நியாயம் இருக்கும்: இரவில் திரும்பி வருவது பாதுகாப்பில்லை, அந்தப் பொடியன் சரியில்லை, கொழும்பில் தங்க இடமில்லை. நியாயங்கள் தனித்தனியே பிழையாகத் தோன்றமாட்டா. எல்லாம் ஒரே திசையில் போவதை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் விளங்கும். சிலருடைய மகாபொலப் புலமைப்பரிசில் பணம் வரும் வங்கி அட்டையே காதலனிடம் இருக்கக் கண்டிருக்கிறேன். அதேபோல், உங்களைப் பற்றி அவன் அவளிடம் என்ன சொல்கிறான் என்பதையும் கவனியுங்கள். அறைத்தோழி கெட்டவள், பொறாமைக்காரி, நம்மைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்ற பேச்சு தொடங்கியிருந்தால், அடுத்து வெட்டப்படப் போவது உங்கள் நட்புத்தான்.

வன்னிக்கென்று சில நிலைமைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேசினால் அது எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பம்பைமடுவுக்கும் அறிவியல் நகருக்கும் பூந்தோட்டத்துக்கும் படிக்க வருபவர்களில் பலர், 2009 இல் போர் முடிந்தபோது கைக்குழந்தைகளாகவோ சிறு பிள்ளைகளாகவோ இருந்தவர்கள். தகப்பனை இழந்த பிள்ளைகள் உண்டு. தமையன் எங்கே என்று இன்றுவரை தெரியாத வீடுகள் உண்டு. தாய் தனியாகத் தோட்டம் செய்தும் கூலிக்குப் போயும் படிப்பித்த பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு பிள்ளையிடம் ஒருவன் வந்து, "உமக்கு ஆருமில்லை, இனி எல்லாம் நான்தான்" என்று சொன்னால் அந்தச் சொல் நேரே நெஞ்சில் போய் இறங்கும். அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொன்னவன் பிறகு அதையே கட்டளையிடும் உரிமையாக மாற்றினால், அந்தப் பிள்ளையால் அதை எதிர்க்க முடிவதில்லை. எதிர்ப்பது நன்றிகெட்ட செயலாக அவளுக்கே தோன்றும். முதலாம் ஆண்டில் பகிடிவதையிலிருந்து காப்பாற்றிய சிரேஷ்ட மாணவனுடன் தொடங்கும் காதலிலும் இதே கடன் சில வேளைகளில் இருக்கும். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அதிலிருந்து ஒரு மாணவியைக் காப்பது எவருக்கும் அவள்மேல் உரிமை தந்துவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கனடாவிலோ சுவிஸிலோ இருந்து ஒருவர் பேசி முடித்துவிட்டு, படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புகிறார். விலையான கைத்தொலைபேசி வாங்கிக் கொடுக்கிறார். பிறகு அந்தத் தொலைபேசியின் வழியாகவே இரவு முழுவதும் காணொளி அழைப்பில் இருக்கச் சொல்கிறார், உடுப்பைக் காட்டச் சொல்கிறார், யாருடன் சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார். அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, நீட்டவும் முடியாது. ஆயினும் அந்தப் பிள்ளை வாழும் அச்சம், பக்கத்தில் இருப்பவனுக்கு அஞ்சும் பிள்ளையின் அச்சத்திலிருந்து வேறுபட்டதல்ல. வீட்டாருக்கு அவர் பணம் அனுப்பியிருக்கும்போது, விலகுவது இன்னும் கடினமாகிவிடுகிறது.

எங்கள் சமூகத்தில் காதல் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கிறது. சாதியோ, சமயமோ, குடும்பப் பகையோ, வெறும் மானப் பிரச்சினையோ, ஏதோ ஒரு காரணம் இருக்கும். அந்த மறைவே, மனம் கெட்ட ஒருவனின் கையில் பெரிய ஆயுதமாகிவிடுகிறது. "உன்ர அம்மாவிட்டச் சொல்லுவன்," "படத்தை லண்டன் மாமாவுக்கு அனுப்புவன்" என்ற ஒரு வாக்கியம் போதும். பிள்ளை கேட்டதையெல்லாம் செய்வாள். இந்த வகை மிரட்டலில் எனக்கு ஐயமே இல்லை. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது, அது ஒரு தடவை மட்டும், கோபத்தில் நடந்து, பிறகு அழுது மன்னிப்புக் கேட்டிருந்தாலும் கூட, உறவுக்குள் வன்முறை நுழைந்துவிட்டது என்பதற்கு உறுதியான அடையாளம்.

சாகப்போகிறேன் என்ற மிரட்டல் இதைவிடச் சிக்கலானது. எங்கள் மண்ணில் தற்கொலையால் ஆளை இழக்காத ஊர் குறைவு. ஆகையால் அந்தச் சொல் கேட்டவளை உறையவைத்துவிடும். சிலர் உண்மையாகவே தாங்கமுடியாத துயரத்தில் அதைச் சொல்கிறார்கள். சிலர் அவளைத் திரும்ப வரவைப்பதற்குச் சொல்கிறார்கள். பலரிடம் இரண்டும் கலந்திருக்கும். எது என்று பிரித்தறிவது உங்கள் பொறுப்பும் அல்ல, உங்கள் தோழியின் பொறுப்பும் அல்ல. எப்போதும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குரிய பதில், அவள் அவனிடம் தனியாக ஓடிப்போவதோ, விட்ட உறவைத் திரும்பத் தொடங்குவதோ அல்ல. அவனுடைய வீட்டாருக்கோ நெருங்கிய நண்பனுக்கோ உடனே அறிவிக்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உயிராபத்து என்றால் 1990 என்ற நோயாளர் காவுவண்டிச் சேவையை அழைக்க வேண்டும். அப்படிச் செய்தால் உண்மையாகத் துயரப்படுபவனுக்கு உதவி கிடைக்கும்; மிரட்டுவதற்காகச் சொன்னவனுக்கு அந்த வழி அடைபடும்.

இனி, ஐயத்துக்குரியவற்றைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்ன இன்ன குறிகள் இருந்தால் இவன் நிச்சயம் அடிப்பான் என்று சொல்லக்கூடிய பட்டியல் எதுவும் இல்லை. வன்முறை என்பது பதற்றம், அடி, மன்னிப்பு, தேன்நிலவு என்று வட்டமாகச் சுழலும் என பல கையேடுகளில் படித்திருப்பீர்கள். அது சிலருடைய அனுபவத்துக்குப் பொருந்துகிறது, பலருக்குப் பொருந்துவதில்லை. மன்னிப்பே கேட்காதவர்கள் உண்டு. ஆகையால் "அவர் அழுது மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் இது அந்த வகையில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. தகப்பன் தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் தானும் அடிப்பான் என்பதும் பாதி உண்மைதான். அப்படி வளர்ந்தவர்களிடம் அந்தச் சாத்தியம் சற்றுக் கூடுதல். ஆனால் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை. போரில் பட்டது, அதனால்தான் இந்தக் கோபம் என்ற விளக்கத்தையும் நான் அடிக்கடி கேட்கிறேன், அதிகமாக அடிபட்ட பெண்களின் வாயிலிருந்தே கேட்கிறேன். பட்ட காயம் உண்மையானது. அதற்குச் சிகிச்சை வேண்டும். ஆனால் இவனுடைய கோபம் விரிவுரையாளரிடம் வெடிக்கிறதா, சோதனைச் சாவடியில் வெடிக்கிறதா, தன்னைவிடப் பலசாலியான நண்பனிடம் வெடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அங்கெல்லாம் அடங்கி, அவளிடம் மட்டும், அதுவும் கதவு சாத்திய பிறகு மட்டும் வெடிக்கும் கோபத்தைக் கட்டுப்படுத்தமுடியாத கோபம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கையில் கண்ட நீலத்தைப் பற்றி: பஸ்ஸில் இடிபட்டும் அப்படி வரலாம். மேற்கையின் உட்புறத்தில், விரல் அகலத்தில் பக்கம் பக்கமாக இருந்தால் அது இறுக்கிப் பிடித்த அடையாளமாக இருக்கக்கூடும். ஆயினும் இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவேண்டாம். ஆனால் சில செய்திகள் உங்கள் காதில் விழுந்தால் எந்த ஐயத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். முதலாவது, கழுத்தை நெரித்தது. 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் சாத்தியம் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. வெளியே தழும்பு எதுவும் தெரியாமலேயே உள்ளே பாதிப்பு இருக்கலாம், அது மணித்தியாலங்களோ நாட்களோ கழித்தும் வெளிப்படலாம். ஆகையால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கத்தியையோ வேறு ஆயுதத்தையோ காட்டியது, கொன்றுவிடுவேன் என்று சொன்னது, விருப்பமின்றி உடலுறவுக்கு வற்புறுத்தியது, வகுப்பு வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் பின்தொடர்ந்து நின்றது ஆகியவற்றிலும் ஐயத்துக்கு இடமில்லை. உறவை விட்டு விலகும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. "கடைசியா ஒருக்கா நேரில கதைக்க வேணும்" என்ற அழைப்புக்கு அவள் குளக்கட்டுக்கோ, ஆளில்லாத வீட்டுக்கோ தனியாகப் போகக்கூடாது. கதைக்கத்தான் வேண்டும் என்றால் பகல் வேளையில், சனநடமாட்டமுள்ள இடத்தில், நீங்களோ இன்னொருவரோ கண்பார்வை தூரத்தில் இருக்கும்போது கதைக்கட்டும். கதைக்காமலே விடுவதிலும் பிழையில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கதைக்க உங்களுக்கு உரிமை இன்றே இருக்கிறது; சான்று முழுமையாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எதைக் கதைப்பது என்பதில் கவனம் வேண்டும். "அவன் கூடாதவன், விட்டுவிடு" என்று தொடங்கினால் அவள் அவனுக்காக வழக்காடத் தொடங்குவாள், ஏனெனில் அவனைத் தெரிவு செய்தது அவள். அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அவளைப் பற்றி நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "முந்தி நீ இரவில நல்லா நித்திரை கொள்ளுவாய், இப்ப ஒவ்வொரு சாமமும் எழும்புறாய், எனக்குப் பார்க்கக் கவலையா இருக்கு" என்பது போதும். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாள் அனுப்பாவிட்டால் என்ன செய்வார்? அதற்கு அவள் பதில் சொல்லாமல் விடலாம், கோபிக்கலாம், சிரித்து மழுப்பலாம். வற்புறுத்தவேண்டாம். இந்தப் பேச்சு நெல் விதைப்பது போன்றது, அன்றே அறுக்க முடியாது. அவள் சொல்லத் தொடங்கினால், "அப்பவே ஏன் சொல்லேல்லை" என்று கேட்காதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். விட்டுவிட்டுத் திரும்பவும் அவனிடம் போனாலும் ஏசாதீர்கள். விலகும் பெண்கள் பலர் ஒரே தடவையில் விலகுவதில்லை. ஏசியவரிடம் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. அவனை அழைத்து எச்சரிக்க வேண்டாம், வகுப்புப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போய் மிரட்டவும் வேண்டாம். அதன் விலையை அவள்தான் செலுத்துவாள். அவளைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்வதிலும் நிதானம் தேவை. நல்ல தாய் தகப்பன்மார் பலர் இருக்கிறார்கள். ஆனால் செய்தி கேட்ட அன்றே படிப்பை நிறுத்திக் கூட்டிப்போனவர்களையும், மானம் போய்விடும் என்று அதே பொடியனுக்கே கலியாண எழுத்து வைத்துக் கொடுத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவளுடைய வீட்டில் யார் கேட்பார், தாயா, சின்னம்மாவா, அக்காவா என்பது அவளுக்குத்தான் தெரியும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அல்லது அவள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளாக இருந்தால் மட்டும் அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களோ ஐயரோ பாதரியாரோ இருவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். ஒருவர் மற்றவருக்கு அஞ்சும்போது அவர் எதிரில் உண்மையைச் சொல்லமுடியாது. சொன்னால் வெளியே வந்த பிறகு அனுபவிப்பார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஓர் இடைவெளி இருப்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்; ஆனால் அது கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழும் துணைவர், நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு எதிராகவே வழி செய்கிறது. தனித்தனியே வாழும் காதலர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. அதனால் ஒன்றும் செய்யமுடியாது என்று பொருளல்ல. காயப்படுத்தல், அச்சுறுத்தல், பணமோ பொருளோ பறித்தல் எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். 1995 திருத்தத்தின் பின் அதன் 345 ஆம் பிரிவு பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கியிருக்கிறது. காதலிக்கிறாள் என்பது உடலுறவுக்குச் சம்மதம் ஆகாது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுமாறு கேளுங்கள், வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். பொலிசுக்குப் போக மனமில்லாதவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு: பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ இயங்கும் நட்பு நிலையம், வசதி குறைந்தோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழு, 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம். உடனடி ஆபத்தென்றால் 119.

தொலைபேசி விடயத்தில் அவசரப்படவேண்டாம். கடவுச்சொல்லைத் திடீரென்று மாற்றினாலோ இருப்பிடத்தை நிறுத்தினாலோ அவன் உடனே அறிந்துகொள்வான். விலகத் திட்டமில்லாத வேளையில் அதுவே தாக்குதலுக்குக் காரணமாகலாம். முதலில், அவன் அறியாத ஒரு வழி இருக்கட்டும்: உங்கள் தொலைபேசியோ, நம்பிக்கையான இன்னொருவருடையதோ. மிரட்டல் செய்திகளைத் திகதியும் இலக்கமும் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து அங்கே சேமித்துவைக்கலாம். அவளுடைய தொலைபேசியிலேயே வைத்தால் அவன் கண்டுவிடுவான். காயம் இருந்தால் அதையும் படம்பிடிக்கலாம். விலகத் தயாரான நாளில் வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து, தெரியாத கணினியோ தொலைபேசியோ இருந்தால் நீக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு தொலைபேசியிலிருந்து மாற்ற வேண்டும். அந்தரங்கப் படம் வெளிவரும் என்ற அச்சம் இருந்தால், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப்என்சிஐஐ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், அதற்குரிய ஓர் இலக்கக் குறியீட்டை மட்டும் தொலைபேசியிலேயே உருவாக்கி, முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏற்றப்படுவதைத் தடுக்க அது உதவுகிறது. வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அதனால் தடுக்கமுடியாது. படத்துக்காகப் பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். கொடுத்தவரிடம் திரும்பவும் கேட்பார்கள்.

இதுவரை பாதிக்கப்படுவது பெண்பிள்ளை என்று வைத்தே எழுதினேன், ஏனெனில் உங்கள் கேள்வி அப்படி இருந்தது, கடுமையான காயங்களும் பெரும்பாலும் பெண்களுக்கே நேர்கின்றன. காதலியின் மிரட்டலுக்கு அஞ்சி வாழும் ஆண்பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். வெட்கத்தால் அவர்கள் இன்னும் பிந்தித்தான் வருகிறார்கள். தன்பால் உறவில் இருப்பவர்களுக்கு, வெளியே சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் சட்டத்தின் அச்சத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மேலே சொன்ன குறிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக உங்களைப் பற்றி, தங்கை. பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது உங்கள் நித்திரையையும் படிப்பையும் குலைத்திருக்கும் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அவளைக் காப்பாற்றுவதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், தோழியின் பெயரையும் பீடத்தையும் சொல்லாமலேயே, "என் அறையில் இப்படி ஒரு நிலைமை, நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். அந்த ஆலோசகர் அந்த இளைஞனுக்கு நெருக்கமானவர் அல்ல என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அங்கே போக விருப்பமில்லையென்றால் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரைக் காணுங்கள். வேலை நாட்களில் பகலில் போகலாம், கட்டணம் இல்லை. அவளிடம் கதைத்த பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதையும், அந்த நீலம் திரும்ப வந்ததா என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.